மலைக்குத் தனியே சைக்கிளில்: எந்த மாதம், எந்தச் சாலை, நனைந்தால் என்ன செய்வது

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்டிலிருந்து சாங்கி வரை வாரத்தில் பலமுறை சைக்கிள் ஓட்டுகிற ஒரு தம்பி, டிசம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு, கூடாரத்தையும் கட்டிக்கொண்டு தனியாக மலைப்பக்கம் போக நினைக்கிறார். மலேசியாவின் கேமரன் மலை, தைவானின் வூலிங் கணவாய், நீலகிரி, இந்த மூன்றில் எங்கே போகலாம்? மலையில் வெயிலும் மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வருமாமே, அதை எப்படிச் சமாளிப்பது? தனியாகப் போகக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது?

இடத்தை முதலில் முடித்துவிடுவோம். டிசம்பரை மாற்றவே முடியாது என்றால் தைவான், அதுவும் அதன் மேற்குப் பக்கம் மட்டும். விடுப்பைத் தள்ளிப்போட முடியும் என்றால் பிப்ரவரியில் கேமரன். நீலகிரிக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் சிங்கப்பூர்க்காரர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலைப் பேச வேண்டும்.

நமக்கு மழையைக் கண்டு பயமில்லை. ஆண்டுக்கு 160க்கும் மேற்பட்ட நாள்கள் இடி இடிக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். சைக்கிளில் போகும்போது மழை பிடித்தால் மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்குவோம், இல்லாவிட்டால் நனைந்துகொண்டே போவோம். 31 டிகிரியில் நனைவது சுகம். வீடு வந்து சேர்வதற்குள் சட்டை பாதி காய்ந்துவிடும். இந்தப் பழக்கத்தைத்தான் மலைக்குப் போகும்போது மூட்டையில் கட்டாமல் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

நனைந்த உடம்புக்குக் குளிர் எப்படி ஏறும் என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். மழையில் தெப்பலாக நனைந்து எம்ஆர்டியில் ஏறி, குளிர்சாதனக் காற்றுக்கு நேர் கீழே நின்றிருப்பீர்கள். நாலு நிறுத்தத்துக்குள் பல் கிட்டிக்கும். அந்தப் பெட்டிக்குள் வெப்பநிலை இருபத்து நாலோ ஐந்தோதான். அதே ஈரச் சட்டையோடு 12 டிகிரியில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு மணி நேரம் இறக்கத்தில் போவதாக நினைத்துப் பாருங்கள். உடல் குளிர்ந்து ஆபத்தாவதற்குப் பனி கொட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. 10 டிகிரியும் ஈரமும் காற்றும் சேர்ந்தாலே போதும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும்.

கணக்கு எளிது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக 0.65 டிகிரி குறையும். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஊர் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம், ஆகவே அடிவாரத்தைவிட ஒன்பது டிகிரி குறைவு. வூலிங் 3,275 மீட்டர், கடலோரத்தைவிட இருபது டிகிரிக்கு மேல் குறைவு. தைப்பேயில் ஜில்லென்று 18 டிகிரி இருக்கும் நாளில் வூலிங்கில் தண்ணீர் உறையும். இதன்மேல் காற்றையும் சேர்க்க வேண்டும்: 10 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு 6 டிகிரிபோலத் தெரியும், 5 டிகிரியில் இறங்கினால் சுழியத்துக்கும் கீழே. நான் சொல்வது காய்ந்த உடம்புக்கு. நனைந்திருந்தால் இன்னும் மோசம்.

ஏறும்போது யாருக்கும் குளிராது, வியர்த்துக் கொட்டும். ஆபத்து இறங்கும்போதுதான். ஐந்து மணி நேரம் ஏறி வந்த வியர்வை உள்சட்டையில் ஊறியிருக்கும், கால் மிதிப்பதை நிறுத்தியதும் உடம்பு சூடு உண்டாக்குவதும் வெகுவாகக் குறைந்துவிடும், எதிர்க்காற்று மட்டும் ஓயாது. பத்தாவது நிமிடத்தில் விரல்நுனி மரக்கும். இருபதாவது நிமிடத்தில் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கைக்குத் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் எதிரே காய்கறி லாரி வரும் நேரம் பார்த்து விரல் மடங்காமல் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் உச்சியில் செய்ய வேண்டிய வேலையை ஒரு சடங்குபோல வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்கு முன்பே காற்று படாத ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்குங்கள். நனைந்த உள்சட்டையைக் கழற்றிப் பிழிந்து பையில் போட்டுவிட்டு, காய்ந்த உள்சட்டை, அதன்மேல் கம்பளியோ ஃபிளீஸோ, அதற்கும் மேல் மழை ஜாக்கெட். கையுறை, காது மூடும் தொப்பி. சூடாகவும் இனிப்பாகவும் ஏதாவது குடியுங்கள், கேமரன் பக்கம் என்றால் மைலோ கிடைக்காத கடையே இல்லை. பிறகு கிளம்புங்கள். குளிர் தெரிந்தபின் நிறுத்திப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதற்குள் ஜிப்பை இழுக்கக்கூட விரல் ஒத்துழைக்காது. பழைய சைக்கிள்காரர்களின் தந்திரம் ஒன்றும் உண்டு: செய்தித்தாளை மடித்து நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே செருகிக்கொள்வது. தமிழ் முரசின் இரண்டு தாள் போதும், காற்று உள்ளே ஏறாது. படித்த பிறகு செருகுங்கள்.

உடை விஷயத்தில் பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி. மழை ஜாக்கெட்டுக்கு எத்தனை வெள்ளி கொடுத்தாலும் சரி, அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் உள்ளே வியர்வையில் நனைவீர்கள். எனவே மழை மிதமாகவும் உடம்பு சூடாகவும் இருக்கும் வரை மெல்லிய சட்டையோடு நனைந்துகொண்டே ஏறிவிட்டு, ஜாக்கெட்டை இறக்கத்துக்கு வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். கைக்கு விலையுயர்ந்த மழைக் கையுறை வாங்காதீர்கள். மெல்லிய கம்பளிக் கையுறையின் மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை ஒரு அளவு பெரிதாக வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். புளோக்கின் கீழே உள்ள மளிகைக் கடையில் கிடைக்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பிரேக் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு விதி: இரவுக்கான உலர்ந்த உடை ஒரு ஜோடி தனியே இருக்க வேண்டும். உள்சட்டை, நீளக் கால்சட்டை, காலுறை, இந்த மூன்றும் தண்ணீர் புகாத பைக்குள், அந்தப் பை இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள். அதைப் போட்டுக்கொண்டு ஒருபோதும் சைக்கிள் ஓட்டக் கூடாது. உச்சியில் மாற்றும் உள்சட்டை வேறு, இது வேறு. காலையில் எழுந்ததும் நேற்றைய ஈரத்தையே மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். கொடுமைதான், பத்து நிமிடம் உடம்பு கூசும். தேசிய சேவையில் தேக்கோங்கில் ஈரப் பச்சை உடுப்பை மறுநாள் காலை போட்டவர்களுக்கு இது புதிதல்ல. அந்த உலர்ந்த ஜோடி இருக்கும்வரை எவ்வளவு நனைந்தாலும் இரவில் உடம்பை மீட்டுவிடலாம். அதுவும் நனைந்துவிட்டால், அன்றைக்குக் கூடாரத்தை மறந்துவிட்டு நாலு சுவர் உள்ள அறையைத் தேடுங்கள்.

சரி, வானிலைக்கு வருவோம். மலையின் வானிலை கண்டபடி மாறுவதாகத் தோன்றினாலும் அதற்கென்று ஒரு நேர அட்டவணை இருக்கிறது. காலை வெயிலில் சரிவுகள் சூடேறும், பள்ளத்தாக்கின் காற்று சரிவோடு மேலேறும், ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போகும். பத்து மணிவாக்கில் சிகரங்களின் மேல் பஞ்சுப் பொதிகள் உட்காரும். அவை அகலமாகப் பரவினால் கவலையில்லை. நெட்டுக்குத்தாக வளர்ந்தால் கவனியுங்கள். பதினொரு மணிக்கே மேகத்தின் உயரம் அகலத்தைத் தாண்டிவிட்டது, அடிப்பாகம் கறுக்கிறது என்றால் இரண்டு, மூன்று மணிக்கு இடிமழை ஏறத்தாழ நிச்சயம். இரவில் எல்லாம் தலைகீழ்: குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவோடு கீழிறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை ஒன்றுதான். விடியுமுன் எழுந்து, விளக்கு போட்டுக்கொண்டு கிளம்பி, பன்னிரண்டு மணிக்குள் அன்றைய உச்சியைத் தாண்டிவிடுங்கள், இரண்டு மணிக்குள் தங்குமிடத்தில் இருங்கள். மலையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டுவது சூதாட்டம்.

இந்த அட்டவணை செல்லாத நாள்களும் உண்டு. பருவமழை, புயல், குளிர்க்காற்றுப் பெருக்கு ஆகியவை வந்தால் காலை, மாலை என்றெல்லாம் பேதம் கிடையாது, நாள் முழுக்க ஊற்றும். அதற்குத்தான் முன்னறிவிப்பு. ஆனால் செயலியில் மலையூரின் பெயரைத் தட்டி, சூரியன் படமா மேகம் படமா என்று பார்ப்பதால் பயனில்லை. அந்தக் கணிப்புகள் மலையின் மடிப்புகளைச் சமப்படுத்திவிட்டுத்தான் கணக்குப் போடுகின்றன. விண்டி போன்ற செயலியில் உயரம்வாரியாகக் காற்றைப் பாருங்கள்: காற்றழுத்த அளவு 850 ஹெக்டோபாஸ்கல் என்றால் ஏறத்தாழ 1,500 மீட்டர், அதாவது கேமரன் உயரம். 700 என்றால் ஏறத்தாழ 3,000 மீட்டர், வூலிங்குக்குச் சற்றுக் கீழே. அங்கே காற்று எந்தத் திசையில் வீசுகிறது, நீங்கள் ஏறும் சரிவு காற்றுக்கு முகம் காட்டுகிறதா முதுகு காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. முகம் காட்டும் பக்கம் நனையும், முதுகுப் பக்கம் காயும்.

இதற்கு நீலகிரியைவிட நல்ல பாடம் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும்போது கோத்தகிரி ஓரளவு காய்ந்திருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கதை மாறிவிடும். வடகிழக்குப் பருவம் குன்னூர், கோத்தகிரி பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வானம் தெளிந்துவிட்டால் விடியற்காலையில் ஊட்டிப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். சைக்கிளுக்கு அற்புதமான மாதம் அது, 2,240 மீட்டரில் நீல வானம். ஆனால் கூடாரம் போட எங்கே இடம்? பெரும்பகுதி காப்புக்காடு, மற்றது தேயிலைத் தோட்டம். யானையும் காட்டெருமையும் கரடியும் நடமாடும் இடத்தில் அனுமதியில்லாமல் படுப்பது சட்டப்படியும் தவறு, புத்திசாலித்தனமும் அல்ல. முதுமலை வழியாகப் போகும் சாலையைச் சைக்கிளுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பகலிலும் யானை சாலையைக் கடக்கும், நம்மால் அதைவிட வேகமாக ஓட முடியாது. கோத்தகிரி வழியாக ஏறி விடுதிகளில் தங்குங்கள். சுமை குறைந்தால் ஏற்றமும் எளிது.

இனி கேமரன். நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உண்மையான மலை அது. நம் ஊரின் மிக உயரமான புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர்தானே! செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே மழை உச்சத்தில் இருக்கும், அது டிசம்பரிலும் தொடரும், வெட்டிய சரிவுகள் சரியும். ஜனவரி, பிப்ரவரி ஒப்பீட்டளவில் காய்ந்த மாதங்கள். ஆனால் சீனப் புத்தாண்டு வாரத்தில் போய்விடாதீர்கள். பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா வரை கார்கள் அசையாமல் நிற்கும், அந்தப் புகையில் நீங்கள் ஏற வேண்டும்.

மேலே போக இரண்டு முக்கியப் பாதைகள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், குறுகிய பழைய சாலை, காட்டு நிழல், வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவி, ஓராங் அஸ்லி பழங்குடி மக்களின் சிறு கடைகள். சிம்பாங் பூலாயிலிருந்து வருவது அகலமான புதிய சாலை, சரிவு சீரானது, நிழல் இல்லை. தாப்பா வழியாக ஏறி, சிம்பாங் பூலாய் வழியாக இறங்குங்கள் என்பேன். ஏறும்போது நிழல் வேண்டும், நீங்களும் மெதுவாகப் போவதால் குறுகிய சாலையிலும் வண்டிகள் பார்த்து ஒதுங்கும். இறங்கும்போது அகலமும் பார்வைத் தூரமும் வேண்டும். பலரும் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள், சிம்பாங் பூலாய் ஏற்றம் மென்மையானது என்பார்கள். உண்மைதான், ஆனால் ஈரமான குறுகிய வளைவுகளில் லாரிக்குப் பின்னால் இறங்கிப் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். முதல் நாளே தானா ராத்தா போக வேண்டும் என்றில்லை. மதியத்துக்குள் வழியிலுள்ள ரிங்லெட் ஊர் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இங்கிருந்து சைக்கிளிலேயே போக ஆசைப்பட்டால், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மோட்டார் சைக்கிள் தடத்தில்தான் கடக்க வேண்டும். மலேசியாவில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பழைய கூட்டரசுச் சாலைதான். அதில் தாப்பா வரை போய்ச் சேரவே விடுப்பில் பாதி கரைந்துவிடும். பேருந்தில் சைக்கிளை ஏற்ற அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, முன்சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுபோவது நல்லது.

தைவானுக்கு ஏன் டிசம்பர்? குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று அந்தத் தீவின் வடக்கையும் கிழக்கையும் நனைக்கும். நடுவிலுள்ள பெரிய மலைத்தொடர் அதைத் தடுத்துவிடுவதால் மேற்கும் தெற்கும் காய்ந்திருக்கும். மே, ஜூனில் ‘பிளம் மழை’ என்னும் அடைமழைக்காலம், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சூறாவளி, ஆகவே இது உகந்த காலம்தான். குளிரை மட்டும் தாங்க வேண்டும். 2024 ஏப்ரல் நிலநடுக்கத்தில் கிழக்கே தாரோகோ பள்ளத்தாக்குச் சாலை பலமாகச் சேதமடைந்தது, அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். மேற்கே பூலி என்ற சிற்றூரிலிருந்து ஏறுங்கள். சூரிய-சந்திர ஏரி பக்கத்திலேயே இருக்கிறது, 750 மீட்டர் உயரம், கால்களுக்கு ஒரு வெள்ளோட்டம். அதன்பின் பூலியிலிருந்து சிங்ஜிங் வரை ஒரு நாள், அங்கே 1,700 மீட்டர் சுற்றில் தூக்கம். மறுநாள் வானம் தெளிந்தால் சுமையை அங்கேயே வைத்துவிட்டு வூலிங் ஏறித் திரும்புங்கள். தெளியவில்லை என்றால் ஏறாதீர்கள். குளிர்க்காற்று பெருகி வரும் நாள்களில் மேலே பனி பெய்யும், சாலையில் கண்ணாடிபோல ஐஸ் படியும், சக்கரச் சங்கிலி இல்லாத கார்களையே தடுப்பார்கள். கடலோரத்திலிருந்து ஒரே மூச்சில் 3,000 மீட்டருக்கு மேல் போனால் தலைவலியும் குமட்டலும் வரலாம். உயரத்தால் வரும் தலைவலிக்குக் கைகண்ட மருந்து கீழே இறங்குவதுதான்.

கூடாரம் போடும் இடத்தைப் பற்றி: பள்ளத்தின் அடியில் வேண்டாம். இரவில் குளிர்காற்று அங்கேதான் தேங்கும், விடியும்போது கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி தொங்கும். ஓடைக்கரையும் வேண்டாம், உங்கள் தலைக்கு மேல் சொட்டு மழை இல்லாவிட்டாலும் மேலே பெய்தது இரவில் வந்து சேரும். முகட்டில் வேண்டாம், காற்றும் மின்னலும். நடுச்சரிவில், காற்றுக்கு மறைவாக, பட்ட மரமோ காய்ந்த கிளையோ தலைக்கு மேல் இல்லாத சமதரை தேடுங்கள். கேமரனில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாலைக்கோ பண்ணைக்கோ வெட்டிய மண்சுவரின் அடியில் படுக்கக் கூடாது. சுவரிலிருந்து கலங்கல் நீர் கசிகிறதா, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, மேலே புதிய வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள், ஒன்று இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். தோட்டப் பக்கம் என்றால் யாரிடமாவது தமிழிலேயே கேளுங்கள். “அண்ணே, ராத்திரிக்கு இங்க ஓரமா டென்ட் போட்டுக்கலாமா?” என்று கேட்டால், பெரும்பாலும் இடமும் காட்டுவார்கள், மழை எப்போது வரும் என்றும் சொல்வார்கள். எந்தச் செயலியைவிடவும் அந்தத் தகவலை நான் நம்புவேன்.

மழையில் கூடாரம் அடிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. கூடாரத்தைப் பக்கப் பைகளுக்குள் வைக்காதீர்கள், பின் கேரியரின் மேல் தனியாகக் கட்டுங்கள். அப்போதுதான் அதை எடுக்க உலர்ந்த பைகளைத் திறக்க வேண்டியிருக்காது. மேல்துணியும் உள்துணியும் ஒன்றாக எழும்பும் வகை என்றால் கவலையே இல்லை. உள்துணியை முதலில் கட்டும் வகை என்றால், மேல்துணியை முதலில் விரித்துப் போட்டு அதன் அடியில் புகுந்து கட்டிப் பழகுங்கள். எழும்பியதும் பைகளை வாசல் திண்ணையில் வைத்து, ஈர உடை முழுவதையும் அங்கேயே கழற்றி, துடைத்துக்கொண்டு, பிறகுதான் உள்ளே. ஈரக் காலுறை ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. குளிருகிறதே என்று காற்றுத் துளைகளை மூடாதீர்கள், மூச்சின் ஈரமே கூரையிலிருந்து சொட்டும். கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைப்பதும் ஆகாது. தீ ஒரு பக்கம் இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணைப் பாருங்கள். வெப்ப நாட்டு உடம்புக்கு அதற்கு மேலும் ஐந்து டிகிரி கூட்டி வைத்துக்கொள்ளலாம். அடியில் போடும் விரிப்பை நம்மவர்கள் மதிப்பதேயில்லை. பாதிக் குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது, மலிவான மெல்லிய ஃபோம் மட்டும் போதாது. இறகு நிரப்பிய பேக் என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், விரித்துத் தொங்கவிடுங்கள். விமானத்தில் கேஸ் குப்பியைக் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, கொண்டுபோக முடியாது, போன இடத்தில் வாங்க வேண்டும். வெறும் பியூட்டேன் சுழியம் டிகிரி அளவிலேயே ஆவியாக மறுக்கும். குளிர் இடத்துக்கு ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த குப்பியைக் கேட்டு வாங்குங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

இடி கேட்டால்? மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். ஒற்றை மரம், திறந்த பேருந்து நிறுத்தம், கூடாரம் எதுவும் காப்பாற்றாது. ரப்பர் டயர் இருக்கிறதே என்பதெல்லாம் கட்டுக்கதை.

பிரேக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் மழையில் முதல் சுற்றில் பிடிக்காது, நீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். ஆகவே வளைவுக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். சுமையோடு மலை இறங்க டிஸ்க் பிரேக்தான் என் தேர்வு. பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிவிட்டுக் கிளம்புங்கள், ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிடியை விட்டு, மறுபடி அழுத்துங்கள், இல்லையேல் சூடேறும். கியரில் பின்பல் முன்பல்லைவிடப் பெரிதாக இருக்கும்படி ஒன்றாவது வேண்டும். கேமரனில் மூட்டம் இறங்கினால் பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும்.

சிங்கப்பூரில் எப்படிப் பயிற்சி எடுப்பது என்றால், மவுண்ட் ஃபேபர் ஒருமுறை ஏறினால் 100 மீட்டர்கூடத் தேறாது. பக்கப் பைகளில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு விடாமல் ஏறி இறங்குங்கள். சலிப்புதான், ஆனால் ஏற்றத்தில் தலைதெறிக்க மிதிக்காமல் பேசிக்கொண்டே போகிற வேகத்தைக் கற்றுத் தருவது அந்தச் சலிப்புதான். சவுத் போனா விஸ்தா சாலையின் வளைவுகளையும் விடாதீர்கள். கூடாரப் பயிற்சிக்கு புலாவ் உபின் தீவு. சாங்கியிலிருந்து பம்போட் என்னும் சிறு படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம், ஜெலுத்தோங், மாமாம் முகாம்களில் படுக்கலாம், காட்டுப்பன்றி சாப்பாட்டுப் பையைத் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடியில்லாத ஒரு மழை இரவாகப் பார்த்துப் போங்கள். இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், கொட்டுகிற மழையில் கூடாரம் அடித்து உலர்ந்த உடைக்கு மாற உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். கால் மணிக்கு மேல் ஆனால் இன்னொரு இரவு போக வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் போடுவதானால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி எடுக்க வேண்டும்.

கடைசியாக அம்மா. அவருடைய பயம் நியாயமானது. கூட ஆள் இருந்தால் “என்ன, உளறுகிறாய்?” என்று கேட்பார், தனியாக இருக்கும்போது உடம்பு குளிர்ந்து புத்தி மந்தமாவதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை: கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றால் பயணம் அத்தோடு நிற்க வேண்டும். காற்றுக்கு ஒதுங்கி, ஈரத்தைக் களைந்து, உலர்ந்ததைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்து, இனிப்பாகச் சூடாகக் குடியுங்கள். மது கூடாது. நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது என்று பொருள். சூடேறாமலேயே நடுக்கம் நின்றுபோனால் அது மருத்துவ அவசரம். மலேசியாவில் 999, தைவானில் 119, இந்தியாவில் 112.

அம்மாவிடம் வெறும் “பத்திரமா இருப்பேம்மா” என்று சொன்னால் எடுபடாது. ஒரு தாளில் ஒவ்வொரு நாளும் எந்தச் சாலை, எங்கே தங்கல், மழை என்றால் எங்கே ஒதுங்குவது என்று எழுதிக் கொடுங்கள். இரவு எட்டு மணிக்குள் செய்தி அனுப்புவேன், சிக்னல் இல்லாவிட்டால் மறுநாள் காலை பத்து மணி வரை பொறுங்கள், அதற்கும் வராவிட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று சேர்த்து எழுதுங்கள். சாலை வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் அவசரக் கருவி வாங்கும் எண்ணம் இருந்தால் தைவானுக்குச் சரி. இந்தியாவுக்கு அதை எடுத்துப் போகாதீர்கள், முன் அனுமதியின்றி வைத்திருப்பது அங்கே குற்றம், வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். பேருந்துக்கோ வாடகை வண்டிக்கோ சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இறங்கிவிடப் போதுமான பணத்தைத் தனியே ஒரு உறையில் வைத்து, அந்த உறையை அம்மாவிடம் காட்டிவிட்டுப் பையில் போடுங்கள்.